நடக்க இரவு, தோண்டப் பகல்: மண்ணுக்குள் வாழும் இருவாழ்விகளைத் தேடுவது

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்கால இரவுகளில் தவளை தேடுவது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஓடையோரத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் போதும். எந்த இலையிலிருந்து எது கத்துகிறது என்று காது சொல்லிவிடும். காலடி மண்ணுக்குள் கிடப்பவற்றுக்கு இந்த வழி செல்லாது. அவற்றில் பல கத்துவதே இல்லை. கத்துகிற ஒன்றும் மண்ணுக்குள் இருந்தபடியே கத்துகிறது, அதுவும் ஆண்டில் சில வாரங்கள் மட்டும்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட இரண்டு வகைகளைப் பற்றியது. ஒன்று, காலே இல்லாத இருவாழ்விகளான சிசிலியன்கள். இன்னொன்று, நாசிகாபட்ராகஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஊதாத் தவளை. கேரளத்தில் பாதாளத் தவளை என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. தேடப் போகும் பலரும் இரண்டிலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: இருட்டியதும் மண்வெட்டியோடு கிளம்பிவிடுகிறார்கள். இரவில் தோண்டினால் விலங்கு வெட்டுப்படும், தேளும் பூரானும் கையில் ஏறும், கிளறிய மண்ணில் பாதியைக் கண் பார்க்காமலே தவறவிடும். இரவு நடப்பதற்கும் கேட்பதற்கும் உரியது. தோண்டியே ஆக வேண்டுமென்றால் அது பகல் வேலை. எப்போது, எங்கே என்று முடிவு செய்வது மழையும் மண்ணும்தான்.

எதைத் தேடுகிறோம்

சிசிலியனை முதல் தடவை பார்ப்பவர் மண்புழு என்பார், இல்லையென்றால் பாம்பு என்பார். உடல் முழுக்க வளையம் வளையமாக மடிப்புகள் இருப்பதால் மண்புழுவின் சாயல் தெரியும். ஆனால் மண்புழுவுக்கு வாய் பிளக்காது. சிசிலியனுக்குத் தாடையும் பல்லும் உண்டு. முதிர்ந்த மண்புழுவின் உடலில் முன்பக்கமாகப் பட்டை கட்டியது போல ஒரு தடித்த பகுதி இருக்கும். சிசிலியனில் அது இல்லை. அசைவைப் பார்த்தால் சந்தேகமே வராது. மண்புழு நீண்டு சுருங்கி நகரும். சிசிலியன் தரைக்கு மேலே வந்துவிட்டால் பாம்பைப் போலப் பக்கவாட்டில் நெளியும்.

பாம்போடு வரும் குழப்பம்தான் உண்மையில் கெடுதல் செய்வது. புழுப்பாம்பும் கேடயவால் பாம்பும் இதே மண்ணில் வாழ்கின்றன. இரண்டின் தோலும் உலர்ந்து, வழவழவென்ற செதில்களோடு இருக்கும். சிசிலியனின் தோல் ஈரம், கொழகொழப்பு. அதற்கும் செதில் உண்டு, ஆனால் வளைய மடிப்புகளின் உள்ளே புதைந்த மிகச் சிறிய தகடுகள், வெளியே தெரியாது. தோட்டங்களில் விஷப்பாம்பு என்று அடித்துக் கொல்லப்படும் சிசிலியன்கள் ஏராளம். நம் மலைகளில் உள்ள சிசிலியன்களால் மனிதனுக்கு ஆபத்து எதுவும் இல்லை. தோலில் சுரக்கும் பிசின் கண்ணில் பட்டால் எரியலாம். கையைக் கழுவினால் தீர்ந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று குழுக்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் களத்தில் பெரும்பாலும் போதும். கையளவு நீளத்தைத் தாண்டி வளர்ந்து, கருநீலமும் பழுப்பும் கலந்த நிறத்தில், பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடினால் அது இக்தியோஃபிஸ். கோடு இல்லாத இக்தியோஃபிஸ் இனங்களும் உண்டு என்பதால் கோட்டை மட்டும் நம்பக்கூடாது. தலையைப் பார்க்க வேண்டும். சிசிலியனின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே, வாசனையை உணர்ந்து வழி தேட உதவும் நுண்ணிய உணர்கொம்பு ஒன்று இருக்கிறது. அது கண்ணை ஒட்டி இருந்தால் இக்தியோஃபிஸ். முன்னே தள்ளி மூக்குத் துளைக்குக் கீழே இருந்தால் யூரியோடிஃப்ளஸ். கண்ணே வெளியே தெரியாமல், உடல் மெலிந்து, பின்முனை வால் இல்லாமல் மழுங்கி முடிந்தால் ஜெகனியோஃபிஸ். முதலிரண்டுக்கும் கழிவுத் துளைக்குப் பிறகு குட்டையான வால் உண்டு.

இதற்கு மேல், எந்த இனம் என்பதைக் களத்திலேயே சொல்ல முயல்வது வீண். வளையங்களை உருப்பெருக்கியின் கீழ் எண்ண வேண்டும், பல்வரிசையைப் பார்க்க வேண்டும், பல நேரங்களில் மரபணுவையும் பார்க்க வேண்டும். பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளும் பதிவு நேர்மையான பதிவு. தவறான இனப்பெயர் ஒன்று பரவல் வரைபடத்தில் ஏறிவிட்டால் அதை எடுக்க ஆண்டுகள் ஆகும்.

மண்ணைப் பிழிந்து பார்ப்பது

கிளம்பும் நாளைத் தீர்மானிப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. கேரளத்தின் பக்கம் சரியும் மலைகளில் கோடைமழை ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும். முதல் இரண்டு மூன்று மழைக்கு மேல்மண் நனையுமே தவிர உள்ளே இறங்காது. அந்த நாட்களில் போனால் தவளைச் சத்தம் காதை அடைக்கும், சிசிலியன் ஒன்றும் கிடைக்காது. மழை சேர்ந்து மண் ஊறும் மே கடைசி முதல் ஜூலை வரைதான் நல்ல காலம். கிழக்குச் சரிவில் கணக்கு வேறு. அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையை நம்ப வேண்டும்.

கருவி எதுவும் இல்லாமல் மண்ணைச் சோதிக்க ஒரு வழி: 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் இன்னும் வறட்சி, திரும்பிப் போகலாம். உருண்டையாக நின்று உள்ளங்கையில் ஈரம் படிந்தால் விலங்குகள் மேல்மண்ணில் இருக்கின்றன என்று பொருள். பகலில் தேட உகந்த மண். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் மண்ணின் துளைகள் நிரம்பிவிட்டன. அந்த இரவில்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் வளைகளில் நீர் ஏறும்போது சிசிலியன்கள் மேலே வருகின்றன. தரையில் மண்புழுக்கள் நெளிந்துகொண்டிருப்பது இன்னும் நல்ல அறிகுறி. சிசிலியனின் முக்கிய இரைகளில் ஒன்று மண்புழு. இரண்டையும் வெளியே தள்ளுவது ஒரே தண்ணீர்.

ஜனவரி முதல் மார்ச் வரை தேடவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். வறண்ட மாதங்களில் இவை ஆழத்துக்கோ ஊற்றுக்கரைக்கோ ஒதுங்கிவிடுகின்றன. காட்டில் ஈரம் எஞ்சியிருக்கும் கொஞ்ச இடத்தையும் அப்போது கிளறினால், அங்கே ஒதுங்கிய எல்லா உயிர்களும் காய்ந்துபோகும்.

இரவு நடை

இருட்டி அரை மணி கழித்துத் தொடங்கலாம். 7 முதல் 11 மணி வரை போதும். கொட்டும் மழையில் எதுவும் தெரியாது. மழை ஓய்ந்து மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும் நேரம்தான் சிறந்தது. வேகம் மிக முக்கியம்: 100 மீட்டருக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும். அதைவிட வேகமாக நடப்பவர் பாதையைப் பார்க்கிறார், தரையைப் பார்ப்பதில்லை.

வெளிச்சத்தில் பலரும் சறுக்குகிறார்கள். நெற்றியில் கட்டும் டார்ச் வழி நடக்க வசதிதான். ஆனால் மூடுபனியிலும் தூறலிலும் அதன் ஒளி கண்ணுக்கு நேர்முன்னே வெள்ளைத் திரையாக எழும்பி நிற்கும். நேர்மேலே இருந்து விழும் ஒளியில் நிழலும் விழாது, எல்லாச் சருகும் ஒரே தட்டையாகத் தெரியும். கையில் இன்னொரு டார்ச்சை இடுப்புயரத்தில் சாய்வாகப் பிடித்தால் பனி கண்ணைக் கூசவைக்காது, ஈரத் தோலின் பளபளப்பும் சருகின் மங்கலிலிருந்து தனித்துத் தெரியும். சிசிலியனின் மினுக்கம் நீலச் சாயல் கொண்டது. நனைந்த குச்சியின் மினுக்கத்தில் அந்த நீலம் இராது. ஒருமுறை பார்த்துவிட்டால் கண்ணுக்குப் பழகிவிடும்.

வளைவாய்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தரையில் தெரியும் துளைகள் பெரும்பாலும் நண்டுடையவை, எலியுடையவை, சிலந்தியுடையவை. சிசிலியன் போகும் வழி அதன் பின்னாலேயே மூடிக்கொள்ளும். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. தேயிலை, ஏலத் தோட்டச் சாலைகளின் ஓரத்தில் செங்குத்துச் சுவரோடு கட்டிய வடிகால்கள் முதலில். மழை இரவில் நகரும் விலங்கு உள்ளே விழுந்தால் ஏற முடியாது. விடியும்வரை நீளவாக்கில் போய்வந்தபடி இருக்கும். அடுத்து, ஊற்று கசியும் வெட்டுச்சரிவுகளின் அடிவாரம். பிறகு சாலை. சாலையில் நசுங்கிக் கிடப்பதும் தரவுதான். படம், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாமல் உடலை எடுத்துவரக் கூடாது.

ஒன்றைக் கண்டதும் ஓடக் கூடாது. காலடி அதிர்வு மண்ணில் பரவும். வெளிச்சத்தைவிட அதிர்வுக்குத்தான் இவை சீக்கிரம் மறையும். நின்ற இடத்திலிருந்தே டார்ச்சைத் தாழ்த்திப் பார்த்தால் சில நிமிடங்கள் கிடைக்கும். பாதி உடல் மண்ணுக்குள் போய்விட்டால் இழுக்கவே கூடாது. தலையால் முட்டிப் புகுவதற்கு இவற்றின் உடம்பில் வியக்கத்தக்க வலு உண்டு; அதே வலுவில் எதிர்த்துப் பிடிக்கும்போது முதுகெலும்பு பழுதாகும். விட்டுவிட்டு இடத்தைக் குறித்துக்கொள்வதே சரி.

ஓடை இரவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இக்தியோஃபிஸைக் கண்டறிய என் பார்வையில் அதுதான் மிகக் குறைந்த சேதம் தரும் வழி. தாய் நீருக்கு அருகே ஈரமண் குழியில் முட்டையிட்டு அதைச் சுற்றிச் சுருண்டு காக்கும். 1880களில் இலங்கையில் பால் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற இரு சுவிஸ் ஆய்வாளர்கள் இக்தியோஃபிஸ் குளூட்டினோசஸ் இனத்தில் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். பொரித்த இளவுயிர்கள் நீருக்குப் போய்விடும். வாலில் மெல்லிய துடுப்பு, கழுத்துப் பக்கத்தில் செவுள் துளை, தெளிவாகத் தெரியும் கண் எனத் தாயைவிட மீனுக்கு நெருக்கமான தோற்றம். சின்ன விலாங்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். கணுக்கால் ஆழத்துக்கும் குறைவாக, பாய்ச்சல் இல்லாமல், சரளையும் அழுகிய இலையும் சேர்ந்த ஓரக்குட்டைகளில் இரவு 8 மணிக்கு மேல் பொறுமையாகப் பார்த்தால் தென்படும். கல்லைப் புரட்டினால் அதே கிடப்பில் திரும்ப வைக்க வேண்டும். அடிப்பக்கம் மேலே வந்தால் அதில் ஒட்டியிருந்த உயிர்கள் முடிந்தன. ஜெகனியோஃபிஸுக்கு இந்த வழி உதவாது. அந்தக் குழுவில் வாழ்வு தரையிலேயே ஓடுகிறது. ஜெகனியோஃபிஸ் சேஷாச்சாரி என்ற இனம் குட்டியே போடுகிறது.

மண்வெட்டி எடுக்கும் பகல்

ஜெகனியோஃபிஸ் போன்றவை மேலே வருவது அரிது. அவற்றுக்குத் தோண்டித்தான் ஆக வேண்டும். வடகிழக்கு இந்தியாவில் இருவாழ்வி ஆய்வாளர் எஸ்.டி. பிஜு தலைமையிலான குழு ஏறக்குறைய 250 இடங்களில் ஐந்து ஆண்டுகள் மழைக்காலம்தோறும் தோண்டித்தான் சிகிலிடே என்ற புதிய சிசிலியன் குடும்பத்தை 2012ல் உலகுக்கு அறிவித்தது. அந்தக் குடும்பத்தின் ஓர் இனம் 1904லேயே ஒற்றை மாதிரியை வைத்து விவரிக்கப்பட்டிருந்தது. நூறாண்டுக்கு மேலாக அதற்கு உறவு எது என்று யாருக்கும் தெரியவில்லை. மண்ணுக்குள் வாழும் உயிரை அறிய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அளந்து தோண்டுவது, கண்ட இடத்தில் கிளறுவது என இரண்டு விதம் உண்டு. எத்தனை இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் அளந்தே தோண்ட வேண்டும். கயிறும் நான்கு முளையும் கொண்டு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, 30 செ.மீ. ஆழம் வரை முழு மண்ணையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் ஜெகனியோஃபிஸ் ராமசுவாமி என்ற இனத்தைக் கணக்கிட இவ்வகைச் சதுரங்களே பயன்பட்டன. ஒரு சதுரத்தின் மண் 300 லிட்டர். ஈர மண்ணென்றால் 350 கிலோவுக்குக் குறையாது. வேர் குறைந்த தோட்ட மண்ணில் ஒருவருக்கு அரை மணி, சோலை மண்ணில் ஒரு மணிக்கும் மேல். சதுரத்தின் இடத்தைக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது. 'இங்கே இருக்கும் போலிருக்கிறது' என்று தோண்டினால் எண்ணிக்கை ஊதிப்போகும். கிளம்பும் முன்பே எண்களைக் குலுக்கி எடுத்து அதன்படி அடியளந்து போக வேண்டும்.

இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால், வாழையடி, பாக்குமரத்தடி, பழைய சாணக்குழியின் ஓரம், மக்கிய மரத்தின் கீழ், ஊற்றோரக் கல்லின் அடி ஆகியவை தோண்டத் தக்க இடங்கள். காப்புக்காட்டின் உள்ளே போவதற்கு முன் இவற்றைப் பார்க்க வேண்டும் என்பேன். தோட்டக்காரர் எப்படியும் கொத்தப்போகிற மண் அது. நாம் கூடுதலாக எதையும் சிதைப்பதில்லை. அவர் கொத்தும் நாளில் பக்கத்தில் நின்று மண்ணை உதிர்த்துப் பார்த்தாலே போதும்.

வெட்டும் முறையில்தான் விலங்கின் உயிர் இருக்கிறது. மேலிருந்து செங்குத்தாக ஓங்கிக் கொத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் மண்வெட்டி இறங்கி விலங்கை இரண்டாக அறுக்கும். அதற்குப் பதிலாகச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் முதலில் 30 செ.மீ. ஆழத்துக்குச் சிறு பள்ளம் எடுத்து, அதன் மேல்முகத்திலிருந்து 5 செ.மீ. கனத்தில் மண்ணைச் சீவித் தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்த மண் வெளிர் நிறத் தார்ப்பாயில் விழட்டும். இன்னொருவர் கையுறையோடு கட்டிகளை உதிர்த்துப் பார்க்கட்டும். மண்வெட்டி பிடிப்பவரே உதிர்ப்பதையும் செய்தால் இரண்டும் கெடும். இலைத்தழை, மேல்மண், அடிமண் மூன்றையும் தனித்தனிக் குவியலாக வைத்துக்கொண்டால் மூடும்போது அதே வரிசையில் திரும்பப் போடலாம். இவ்வளவு கவனத்திலும் எப்போதாவது ஒன்று வெட்டுப்படும். அதையும் ஏட்டில் எழுத வேண்டும்.

முட்டைகளைச் சுற்றிச் சுருண்ட தாய் தெரிந்தால் அந்தச் சதுரம் அங்கேயே முடிந்தது. படம் எடுக்கவும் நிற்காமல், எடுத்த மண்ணைத் தளர்வாக மேலே போட்டு இலையால் மூடிவிட வேண்டும். தாய் விட்டுப்போன முட்டைகள் பூஞ்சை பிடித்து அழியும்.

கைக்கு வந்த பிறகு

கொசுவிரட்டிக் களிம்பு, சானிடைசர், அட்டைக்குப் பூசிய உப்பு, புகையிலை, மூக்குப்பொடி ஆகியவை கையில் இருக்கும்போது இருவாழ்வியைத் தொடவே கூடாது. இவற்றின் தோல் நீரையும் மூச்சையும் உள்ளே விடும் தோல். நம் கையில் இருப்பதும் அதன் வழியே உள்ளே போகும். அட்டைக்குத் துணியால் ஆன அட்டை உறையை முழங்கால்வரை கட்டிக்கொள்வதே நல்லது. தூள் பூசாத நைட்ரைல் கையுறையை அந்த இடத்து ஓடைநீரிலேயே நனைத்து அணிய வேண்டும். ஒரு விலங்குக்கு ஒரு கையுறை.

பெட்டியில் அதே இடத்து ஈரமண்ணை மூன்று விரற்கடை போட்டு, ஒன்றுக்கு ஒரு பெட்டி, மூடியில் காற்றுத் துளை, மேலே நிழல். பெட்டியைக் காருக்குள் வைத்தால் பத்து நிமிட வெயிலில் வெந்துவிடும். படங்கள் நான்கு போதும்: தலையின் பக்கவாட்டு, கண்ணும் உணர்கொம்பும் மூக்குத்துளையும் ஒரே சட்டகத்தில்; நடுவுடல் மடிப்புகள்; வால்முனை கீழ்ப்பக்கமாக, கழிவுத் துளை தெரியும்படி; அளவுகோலோடு முழு உடல். பலரும் முழு உடலை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு அடையாளம் கேட்கிறார்கள். தலைப்படம் இல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நீளத்தை அளக்க விலங்கை நீட்டி இழுக்கக் கூடாது. ஈரமான கண்ணாடிக் குழாயிலோ வெளிப்படையான பிளாஸ்டிக் குழாயிலோ தானாக நுழையவிட்டு அளப்பது எளிது. பத்து நிமிடத்துக்குள் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். மண்மேல் வைத்தால் எறும்பும் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்; மண்ணை மூடி, ஓரத்தில் சிறு பிளவு விட்டு, அதன் வாயில் வைத்தால் உள்ளே போய்விடும்.

பாதாளத் தவளை

நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் 2003ல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போஸூய்ட்டும் விவரித்த இனம். அதன் நெருங்கிய உறவுத் தவளைகள் இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. ஜெகனியோஃபிஸின் குடும்பத்தினரும் அதே தீவுகளில் வாழ்கிறார்கள். இந்திய நிலமும் செஷல்ஸும் ஒட்டியிருந்த காலத்தின் சாட்சிகள் இரண்டும் ஒரே மண்ணுக்குள் கிடக்கின்றன என்பதை நினைக்க மனம் நிறைகிறது. இடுக்கி மலைகளின் பழங்குடிகள் இந்தத் தவளையையும் அதன் தலைப்பிரட்டையையும் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். தலைப்பிரட்டையை 1918லேயே அறிவியலும் பதிவு செய்திருந்தது. அது எந்தத் தவளையின் பிள்ளை என்பதுதான் தெரியாமல் இருந்தது.

தமிழ்நாட்டுக்கு உரியது இன்னொரு இனம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளின் கிழக்குச் சரிவிலிருந்து 2017ல் விவரிக்கப்பட்ட நாசிகாபட்ராகஸ் பூபதி. களப்பணியின்போது 2014ல் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயர் அதற்கு. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் இனம் பெருக்கும். இது வடகிழக்குப் பருவமழையில் பெருக்கும். மே மாதம் கிழக்குச் சரிவில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது வீண் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

உப்பிய, சுமார் 7 செ.மீ. உடல், சிறு கூம்பாக நீளும் வெளிர் மூக்கு, குட்டைக் கால்கள். பின்னங்காலின் கடினமான மண்வாரிப் புடைப்பால் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கும். கரையானைத் தின்று ஆண்டு முழுவதையும் உள்ளேயே கழிக்கும். வெளியே வருவது இனப்பெருக்கத்துக்குச் சில இரவுகள் மட்டுமே. ஆகவே வாரத்தைப் பிடிப்பதுதான் முழுச் சிக்கல். நகரத்திலிருந்து விடுமுறையைக் கணக்கிட்டுப் போகிறவர்களுக்கு அது சிக்குவதில்லை. ஓடைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவரிடம் 'மண்ணுக்குள்ளிருந்து கோழி கொக்கரிப்பது போலக் கேட்டால் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொள்வது எந்த வானிலை முன்னறிவிப்பையும்விட உறுதியானது.

ஆண் தவளை ஓடைக்கரை மண்ணுக்குள் இருந்தபடி கத்தும். மேலே நின்றால் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வருவது போலிருக்கும். மூன்று பேர் பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நின்று, பத்து நிமிடம் அசையாமல் இருந்து, அவரவர் காதுக்குத் தோன்றும் திசையைக் கைப்பேசித் திசைகாட்டியில் குறிக்க வேண்டும். மூன்று கோடுகளும் வெட்டும் இடத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் அது இருக்கும். ஒருவர் கால் மாற்றி நின்றாலும் சத்தம் அடங்கிவிடும். மறுபடி தொடங்கக் கால் மணி ஆகலாம். இடம் தெரிந்ததும் அங்கே தோண்டக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆண்டில் சில நாட்களே உள்ள வாய்ப்பில் கத்திக்கொண்டிருக்கும் ஆணைக் கிளறி எடுத்தால் அதன் ஓராண்டு போயிற்று. ஒலிப்பதிவு போதும், குரலே அடையாளம்.

மண்ணை விட்டு வெளியே வரும் இரவில் பெண், தன்னைவிடச் சிறிய ஆணை முதுகில் ஏற்றியபடி ஓடைக்கு நடக்கும். பாறைப் பொந்துகளில் தேங்கிய நீரில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்பிவிடும். பார்ப்பவர் ஐந்து மீட்டருக்கு அப்பால், மங்கிய ஒளியோடு, வழியில் குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும்.

அந்த இரவைத் தவறவிட்டாலும் இழப்பில்லை. தலைப்பிரட்டைகள் நூறு நாளுக்கு மேல் ஓடையிலேயே இருக்கும். உறிஞ்சும் வாயால் பாறையில் ஒட்டிக்கொண்டு, மற்ற தலைப்பிரட்டைகள் அடித்துச் செல்லப்படும் வேகத்தில் நீர் பாயும் இடங்களில் வாழ்கின்றன. மேற்குச் சரிவில் ஜூலை, ஆகஸ்டிலும், கிழக்கே மழை தணிந்த பிறகும் பாறைப்படுகை உள்ள ஓடைகளைப் பார்த்தால், இந்தத் தவளை இங்கே இருக்கிறதா என்ற கேள்விக்கு வளர்ந்த தவளையைத் தேடுவதைவிட நம்பகமான பதில் கிடைக்கும். ஓடையின் குறுக்கே தடுப்பணை கட்டி ஓட்டம் தேங்கிய இடங்களில் இவற்றைத் தேட வேண்டாம். ஒட்டிக்கொள்ள வேகநீர் வேண்டும்.

அனுமதி, ஆபத்து, ஏடு

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ன்படி சரணாலயத்துக்குள் நுழைவதற்கும் ஆய்வுக்கும் அனுமதி பெற வேண்டும். புலிகள் காப்பகத்தில் இரவு நடை பொதுவாகக் கிடைக்காது. தனியார் தோட்டமென்றால் உரிமையாளரிடமும் இரவுக் காவலரிடமும் சொல்லிவிட்டே போக வேண்டும். யானை நடமாட்டம் அன்றைக்கு எந்தப் பக்கம் என்பது காவலருக்குத்தான் தெரியும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சருகில் சுருண்டு கிடக்கும் குழிவிரியன்கள் இரவில்தான் இரை தேடும். கையால் சருகைக் கிளறாமல் நீளமான கொக்கியால் புரட்ட வேண்டும். புரட்டும்போது கல்லையோ கட்டையையோ தன் பக்கம் தூக்க வேண்டும். உள்ளே எது இருந்தாலும் எதிர்ப்பக்கம் வெளியேறும். மலையில் மழை கனத்தால் ஓடை சொல்லாமல் உயரும். நீர் கலங்கிச் சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேற வேண்டும். சேற்றில் வேலை செய்தபின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் மண்ணிலும் ஓடையிலும் இருந்ததைச் சொல்ல வேண்டும். எலிக் காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் அந்தத் தகவல் இல்லாமல் எளிதில் தவறிப்போகும்.

ஒரு ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகும் முன் காலணியின் சேற்றைத் தேய்த்துக் கழுவி, 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம் நனைத்து, உலர்த்த வேண்டும். இருவாழ்விகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரக் காலணியில் பயணிக்கும். கழுவிய நீரை ஓடையில் ஊற்றக் கூடாது.

ஏட்டில் எழுத வேண்டியவை: இடம், உயரம், தொடங்கிய முடித்த நேரம், எத்தனை பேர், கடந்த 24 மணி நேர மழை, 10 செ.மீ. ஆழ மண்ணின் வெப்பம், கண்டவை. நான்கு பேர் இரண்டு மணி நேரம் தேடினால் எட்டு ஆள்-மணி. எட்டு ஆள்-மணியில் ஒன்றுமே இல்லையென்றால் 'பூஜ்யம்' என்று எழுதியே ஆக வேண்டும். நம் சிசிலியன்களில் பல, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இன்னமும் 'தரவு போதாதவை' என்றே கிடக்கின்றன. தேடியும் கிடைக்காத இடங்கள் எழுதப்படாததும் அதற்கு ஒரு காரணம். பதிவை இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஐநேச்சுரலிஸ்டிலோ ஏற்றலாம். பாதாளத் தவளையின் ஓடையை மட்டும் துல்லிய இடம் மறைத்து ஏற்றுங்கள்.

தோட்டத்தை விட்டுக் கிளம்பும் முன் எடுத்த படங்களை அங்கே கொழுந்து பறிப்பவர்களிடமும் கொத்து வேலை செய்பவர்களிடமும் காட்டுங்கள். வளையத்தைக் காட்டி, ஈரத் தோலைக் காட்டி, இது கடித்துக் கொல்லும் பாம்பு அல்ல, தவளைக்குச் சொந்தம் என்று சொல்லுங்கள். வடிகாலில் ஒன்று கிடந்தால் நனைந்த இலையில் ஏந்தி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்து மண்ணிலேயே விடச் சொல்லுங்கள்.